போல்கா காமெடி இசையா? 'பிரேவ் காம்போ' சொன்ன பதில்

அமெரிக்காவில் போல்கா என்றாலே 'தாத்தா காலத்து கல்யாண டான்ஸ்' என்ற கிண்டல்தான். டிஸ்கோவும் பங்க் ராக்கும் கொடிகட்டிப் பறந்த 1979-ல், டெக்சாஸின் டென்டன் நகரத்தில் கார்ல் ஃபிஞ்ச் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு 'பிரேவ் காம்போ'வைத் தொடங்கினார்.

எந்த பெரிய கம்பெனி இதற்குக் காசு போடும்? அதனால் 'ஃபோர் டாட்ஸ்' என்ற சொந்த லேபிளிலேயே ரெக்கார்டுகள் வெளியிட்டார்கள். ராக் ரசிகர்கள் கூடும் கிளப்களிலும் வாசித்தார்கள்.

ஜோக்குக்காக வாசிக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அது சரியில்லை. ஜோக் என்றால் ஒரு ஆல்பத்தோடு சலித்திருக்கும்; இவர்கள் போல்காவோடு கும்பியா, சா-சா-சா என்று தேடித்தேடிக் கற்றார்கள். டெக்சாஸில் அது அந்நியமும் இல்லை. 19-ம் நூற்றாண்டில் குடியேறிய செக், ஜெர்மன் மக்கள் கொண்டுவந்த போல்காவை அங்குள்ள மெக்சிகன் கலைஞர்கள் எப்போதோ தங்களுடையதாக்கிவிட்டார்கள்.

பெரிய கம்பெனி ஆரம்பத்திலேயே வந்திருந்தால், 'அக்கார்டியனைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்றுதான் சொல்லியிருக்கும். காசில்லாத அந்த வருஷங்களில் அப்படிச் சொல்ல ஆளில்லை. ரவுண்டர் ரெக்கார்ட்ஸ் 1980-களின் பிற்பகுதியில் வந்தபோது, அந்தப் பழைய ரெக்கார்டிங்குகளையே தொகுத்து வெளியிட்டது.