சுவரில் சிரிக்கும் முகங்கள்

சித்திரக் கண்காட்சி என்றாலே நம்மவர்களில் பெரும்பாலோருக்கு ஒருவிதக் கூச்சம் உண்டு. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டும். அங்கே பேசினால் குற்றம். சிரித்தால் பெருங் குற்றம். ஒரு படம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஆகவே, மார்கழிக் கச்சேரிக்கு இடம் கிடைக்காமல் திரும்பும் கூட்டம் கூடச் சித்திரசாலையின் வாசலை எட்டிப் பார்ப்பதில்லை. ஜனங்கள் சித்திரத்தைத் தேடிப் போகாவிட்டால், சித்திரமே ஜனங்களைத் தேடி வரட்டும் என்று சில கலைஞர்கள் தீர்மானித்ததில் வியப்பில்லை.

தரமணியிலிருந்து பறக்கும் ரயிலில் மயிலாப்பூர்ப் பக்கம் புறப்பட்டால், இரண்டாவது ஸ்டேஷன் இந்திரா நகர். 2021-ஆம் ஆண்டில் அந்த ஸ்டேஷனின் வெளிச்சுவரைச் சித்திரமாக்கினார்கள். ஏ-கில், கத்ரா என்னும் புனைபெயர்களைக் கொண்ட இரு கலைஞர்கள் அதைத் தீட்டினார்கள். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும், ஸ்டார்ட் இந்தியா என்னும் கலை ஸ்தாபனமும் துணை நின்றன. சித்திரத்தில் தேவர்களும் இல்லை, அரசர்களும் இல்லை. நாம் தினந்தோறும் வீதியில் காணும் சாதாரண மனிதர்களின் முகங்களே மாடி உயரத்துக்கு எழுந்து நின்றன. எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்கிறவர்களும் மற்றவர்களும் அதில் கலந்திருந்தார்கள். இவர் யார், அவர் யார் என்று பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. அடையாளம் இல்லாததுதான் அந்தச் சித்திரத்தின் பொருள்.

இந்தச் சித்திரம் அந்த வட்டாரத்தில் அமைந்தது மிகவும் பொருத்தம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ஆம் ஆண்டில், நமது சென்னையிலேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மேற்பார்வையில், நிர்மலா என்னும் மாணவி இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வேலூருக்குக் கொண்டு போய்ச் சோதித்ததில் உண்மை வெளிப்பட்டது. நம் நாட்டில் அது எப்படி வரும் என்று பலர் நம்ப மறுத்த காலம் அது. பின்னர் 1993-ல் டாக்டர் சுனிதி ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். தரமணியிலுள்ள வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி வளாகத்தில், வேறெங்கும் போக முடியாதவர்களுக்கு அது புகலிடமாயிற்று. 2015-ல் அவர் காலமானார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இதற்கிடையில் வைத்தியம் வெகு தூரம் முன்னேறிவிட்டது. 2004 முதல் அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுத்து வருகிறது. தவறாமல் மருந்து உட்கொண்டு, சோதனையில் கிருமி தென்படாத நிலையை அடைந்து, அந்நிலையிலேயே இருந்து வருகிறவரிடமிருந்து தாம்பத்திய உறவினாலும் அது பரவுவதில்லை என்று விஞ்ஞானிகள் நிரூபித்திருக்கிறார்கள். கை குலுக்குவதாலோ, ஒரே பந்தியில் சாப்பிடுவதாலோ பரவுவதில்லை என்பது முன்பே தெரிந்த விஷயம். 2018-ல் அமலுக்கு வந்த சட்டம், இதைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ, உத்தியோகத்திலோ, வாடகை வீட்டிலோ இடம் மறுக்கக் கூடாது என்கிறது. மருந்து மாறிவிட்டது, சட்டமும் மாறிவிட்டது. மாறாமல் அடம் பிடித்துக்கொண்டிருப்பது மனிதருடைய மனம் ஒன்றுதான். அந்த மனத்தோடு பேச ஒரு சுவர் முன்வந்தது.

அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே சென்றால் கண்ணகி நகர். கூவம், அடையாறு முதலிய நீர்க்கரைகளிலும், நகரின் நடுவே இருந்த குடிசைகளிலும் வாழ்ந்த குடும்பங்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து கொண்டுவந்து அங்கே குடியேற்றினார்கள். 15,000-க்கு மேற்பட்ட வீடுகள் அங்கே உண்டு. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுக் கலைஞர்களும் அயல்நாட்டுக் கலைஞர்களும் கூடி, அவ்வீடுகளின் பெருஞ் சுவர்களில் சித்திரங்கள் தீட்டினார்கள். ஊரே கண்காட்சி மண்டபமாயிற்று; டிக்கட் கிடையாது, காவல்காரர் கிடையாது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சுவருக்கு வர்ணம் பூசினால் வயிறு நிறையுமா? வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்தில் இருக்க, வீடு மட்டும் பல மைல் தள்ளிப் போனால் குடும்பம் படும் பாடு கொஞ்சமல்ல. அந்தக் குறையை எந்தத் தூரிகையும் தீர்க்காது. சுவரின் அழகைக் காட்டிக் குழாயின் வறட்சியை மறைக்க யாராவது முயன்றால், அது கலைக்கும் அவமானம், மக்களுக்கும் அவமானம். ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. விலாசத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்தவுடனே வேலை கொடுக்கத் தயங்கும் முதலாளிகள் இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் முறையீடு. அந்த வியாதிக்கு மட்டும் சித்திரம் கொஞ்சம் மருந்தாகலாம். பயந்து விலகிய ஊருக்கு, படம் பார்க்கவாவது நாலுபேர் வந்தால், வந்த இடத்தில் மனிதர்களையும் பார்ப்பார்கள் அல்லவா?

சுவரில் எழுதுவது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தை யார் மறப்பார்? தஞ்சைப் பெரிய கோவிலில் நாயக்கர் காலத்துச் சித்திரங்களுக்கு அடியிலே சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்திருப்பதை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். கீழே இருப்பதைப் பார்க்க மேலே இருப்பதை அழிப்பதா என்ற தர்மசங்கடம் உண்டாயிற்று. பிற்காலத்தில் தொல்பொருள் துறையினர் மேற்படையைப் பக்குவமாகப் பெயர்த்து வேறு பலகையில் பதித்து, இரண்டையும் காப்பாற்றினார்கள். ஒன்று வாழ மற்றொன்று அழியவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

பள்ளிக்கூட வாத்தியார்களாகிய நமக்கு நேயர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. குழந்தைகளை அழைத்துக்கொண்டு இத்தகைய சுவர்களின் முன் போய் நில்லுங்கள். "இவர்களில் யாருக்கு வியாதி?" என்று குழந்தை கேட்கும். "தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை" என்று சொல்லுங்கள். வெயிலும் மழையும் வர்ணத்தை வெளுக்கச் செய்யும். வெளிச்சுவரில் எழுதிய எதுவும் நிலைப்பதில்லை. அந்த ஒரு பதில் குழந்தையின் மனத்தில் நின்றுவிட்டால், நாளைக்கு அதன் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வரும் பிள்ளை, தன் கதையை யாருக்கும் சொல்லாமலே நிம்மதியாக உட்கார்ந்து படிக்கலாம்.