புதுப் பேட்டரி வாங்கும் முன் ஒரு கேள்வி

பருவ இடைவிடுமுறைக்கு பாக்கார் ஆராங்கில் உள்ள வீட்டிற்கு வந்திருந்தபோது என் மடிக்கணினியின் மீது அரைக் குவளை தே தாரிக் கொட்டிவிட்டது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைதான் படிப்பு மேசையும். தவறு முழுக்க என்னுடையது. உடனே கணினியை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் சுங்கை பட்டாணியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து, 180 வெள்ளிக்குக் கணினி உயிர்பெற்று வந்தது.

வீட்டிற்கு வந்த பிறகுதான் கவனித்தேன். சார்ஜர் செருகியிருக்கும்வரை கணினி ஓடும். பிடுங்கினால் அடுத்த நொடியே அணைந்துவிடும். திரையின் மூலையில் ‘செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை’ என்ற ஒரு வரி. மீண்டும் கடைக்குப் போனேன்.

“பேட்டரி போயிருச்சு தங்கச்சி. புதுசு போட்டாச் சரியாயிடும்.”

புதுப் பேட்டரி 260 வெள்ளி. தையல் கூலியில் சேர்த்து வைத்திருந்ததை அம்மா எடுத்துக் கொடுத்தார். புதுப் பேட்டரி போட்ட பிறகும் அதே வரிதான் வந்தது. இந்த முறை கிடைத்த பதில்: “அப்படின்னா போர்டு போச்சு. வேற கணினி வாங்கிடுங்க.”

மனம் கேட்காமல் வேறொரு பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன் முதலில் கேட்டது, “என்ன கொட்டுச்சு?” என்பதைத்தான். அரை மணி நேரம் மல்டிமீட்டரை வைத்து அளந்தார். பிறகு பூதக் கண்ணாடி வழியாக என்னையும் பார்க்கச் சொன்னார். பேட்டரி பொருந்தும் இணைப்பானில் இரண்டு மெல்லிய முனைகள் பச்சை பூத்திருந்தன.

பேட்டரி வெறும் மின்சாரப் பானை அல்ல. அதற்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கிறது. தன் வெப்பநிலை, மின்னழுத்தம், மீதமுள்ள மின்சாரம் ஆகியவற்றை மெல்லிய இணைப்புகள் வழியாகக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவல் வராவிட்டால் கணினி சார்ஜ் ஏற்றாது. லித்தியம் அயான் பேட்டரியில் கட்டுப்பாடின்றி மின்சாரம் செலுத்தினால் தீப்பிடிக்கலாம் என்பதால் செய்த ஏற்பாடு அது. தேநீரில் உள்ள தண்ணீர் காய்ந்துவிடும். சர்க்கரையும் பாலும் பிசினாக ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுக்கும். மின்சாரம் பாயப் பாய உலோகம் அரிக்கும். என் கணினியில் அரித்துப்போனவை தகவல் போகும் முனைகள். எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் சார்ஜ் ஏறியிருக்காது.

இணைப்பானை மாற்றி, பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, என் பழைய பேட்டரியையே பொருத்தினார். சார்ஜ் ஏறியது. செலவு 90 வெள்ளி.

முதல் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் ஊகித்தார், அந்த ஊகத்துக்கு நான் பணம் கட்டினேன். யோசித்துப் பார்த்தால் இதில் நம் பங்கும் இருக்கிறது. “பார்த்துச் சொல்ல 30 வெள்ளி” என்று ஒரு கடையில் கேட்டால், “பார்க்கிறதுக்கே காசா?” என்று அடுத்த கடைக்கு நடந்துவிடுகிறோம். காரணம் கண்டுபிடிக்கும் உழைப்புக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. பிறகு கடைக்காரர் பாகம் விற்றுத்தான் பிழைக்க வேண்டும். மருத்துவரிடம் சோதனை செய்யாமல் மாத்திரை வாங்க மறுக்கும் நாம், கணினிக்கு மட்டும் ஏன் அப்படி வாங்குகிறோம்?

ஆகவே நண்பர்களே, உங்கள் கணினி சார்ஜ் ஏறாவிட்டால், பணப்பையைத் திறக்கும் முன் சிலவற்றைப் பாருங்கள். சில கணினிகளில் 60 அல்லது 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு உண்டு. அது இயக்கத்தில் இருக்கலாம். சில நிறுவனங்களின் கணினிகள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் ஓடும், ஆனால் பேட்டரிக்கு மின்சாரம் தராது. அதே வகைச் சார்ஜரை நண்பரிடம் வாங்கிச் செருகிப் பாருங்கள். விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்தால், தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதுள்ள கொள்ளளவும் தெரியும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

கடையில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: “பேட்டரிதான் பழுது என்று எப்படித் தெரியும், அண்ணே?” பொருத்தி, சார்ஜ் ஏறுவதைக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். என்ன செய்தார்கள் என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கவில்லை. “போட்டுப் பார்த்த பேட்டரியைத் திரும்ப எடுக்க முடியாது” என்று கடையில் சொன்னபோது, காட்டுவதற்கு என் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை நாமே பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஆதாரம் தேவை.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. நம் பகுதியிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஏறி அங்கே வேலைக்குப் போகும் அக்காமார்களையும் அண்ணன்மார்களையும் நமக்குத் தெரியும். உலகம் பயன்படுத்தும் மின்னணுப் பாகங்கள் நம் வட்டாரத்துக் கைகள் வழியாகப் போகின்றன. படிவம் ஐந்து இயற்பியலில் மின்னோட்டமும் மின்தடையும் படித்துத் தேர்வும் எழுதிவிட்டோம். நான் ‘ஏ’ வாங்கியவள்தான். ஆனாலும் மல்டிமீட்டரைக் கையில் பிடித்தது அந்தப் பட்டறையில்தான். நம் இடைநிலைப்பள்ளி அறிவியல் கழகங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பழைய கணினி ஒன்றைத் திறந்து வைத்து, எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று காட்டலாமே. அதற்குப் பெரிய செலவு ஆகாது.

அந்தப் புதுப் பேட்டரி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா எத்தனை ரவிக்கை தைத்திருப்பார் என்று கணக்குப் போடுகிறேன். அந்தக் கணக்கு உங்கள் வீட்டிலும் வர வேண்டாம். தயங்காமல் கேளுங்கள்.