கமிஷன் இல்லையாம், கைக்காசு மட்டும் குறைகிறதாம்!

விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டிச் சேர்த்த கூலி இது. அதில் ஒரு காசு குறைந்தாலும் தோட்டத்து ஆபீசில் கேட்கிறோம். கேட்கத் தயங்குபவருக்காகச் சங்கம் கேட்கிறது. அதே கூலியை ஊருக்கு அனுப்பப் பட்டணத்துக் கடையில் நீட்டும்போது மட்டும் நம் வாய் அடைத்துப்போவது ஏன்?

"கமிஷன் இல்லை" என்று வாசலில் பலகை தொங்குகிறது. அப்படியானால் கடைக்கு வாடகை கட்டுவது யார்? தருமத்துக்கா கடை திறந்திருக்கிறார்கள்? பலகையில் இல்லாத கமிஷன் மாற்று விலைக்குள் ஒளிந்திருக்கிறது, தோழர்களே!

கணக்குப் பார்ப்போம். சந்தை நிலவரம் வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் இல்லாத கடை 19 ரூபாய் 40 காசு தருகிறது. 500 வெள்ளிக்கு ஊரில் சேர்வது 9,700 ரூபாய். அடுத்த கடை 5 வெள்ளி கமிஷன் பிடித்துக்கொண்டு, மீதி 495 வெள்ளிக்கு 19 ரூபாய் 90 காசு வீதம் தருகிறது. அங்கே சேர்வது 9,850 ரூபாய்! கமிஷன் வாங்குகிறவனே மேல் என்றாகிறதா இல்லையா?

முதற்கடையில் போனது 300 ரூபாய், அதாவது 15 வெள்ளி. மாதந்தோறும் அனுப்பினால் ஆண்டுக்கு 180 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால், நாம் இழப்பது ஏறக்குறைய மூன்று நாள் கூலி!

மாற்று விலை நமக்கு எட்டாத சங்கதி என்போர் பழையதை நினைக்கட்டும். 1967 நவம்பரில் பிரிட்டன் பவுன் மதிப்பைக் குறைத்தபோது, பவுனோடு கட்டுண்டிருந்த பழைய வெள்ளி, புது வெள்ளிக்கு 85 காசாகச் சரிந்தது. பெட்டியில் பழைய நோட்டுச் சேர்த்து வைத்த ஏழைகளும் அடிபட்டார்கள்.

"உண்டியல்காரர் நல்ல விலை தருகிறாரே" என்பார் சிலர். பணம் போய்ச் சேராவிட்டால் யாரைக் கேட்பீர்கள்? 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் அனுப்பும் தொழிலுக்குப் பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். உரிமமும் ரசீதும் இல்லாதவரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்கலாகாது.

அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே இறக்குவதாக 2015இல் ஐக்கிய நாடுகள் சபையில் அரசாங்கங்கள் வாக்களித்தன. 2024இலும் உலகச் சராசரி 6 சதவீதத்துக்கு மேல் என்கிறது உலக வங்கி. வாக்களித்தவர்கள் செய்வார்கள் என்று கைகட்டி நிற்கப்போகிறோமா?

இனிக் கடையில் ஒரே கேள்வி கேட்போம்: "500 வெள்ளி தந்தால், எல்லாம் போக ஊரில் கைக்குக் கிடைப்பது எத்தனை ரூபாய்?" மூன்று கடையில் கேட்போம், கைத்தொலைபேசியில் அன்றைய நிலவரம் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிக்கும் கடையானால், இரண்டு தடவையாகப் பிரித்து அனுப்பாமல் ஒரே தடவையில் அனுப்புவோம்.

கிராணிமார்களே! கணக்கு உங்கள் கையில். சம்பள நாளன்று ரூபாய், ரூப்பியா, டாக்கா நிலவரத்தைப் பிரட்டுக் களத்தில் எழுதிப் போடுங்கள். பக்கத்து லயத்து இந்தோனேசிய, வங்காள தேசத் தொழிலாளியும் நம்மவரே.

கூலிக்குப் போராடும் நாம், கிடைத்த கூலியைக் காக்கவும் கற்போம்!