பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதோரைப் பள்ளியின் பொறுப்பிலேயே வைத்திருக்கக் கோரும் மனு

பெறுநர்: பள்ளிக்கல்வி இயக்குநர் அவர்கள், பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், சென்னை – 6.

பொருள்: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தவறிய மாணவர்களை 18 வயது வரை பள்ளியே கண்காணித்து வழிகாட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 93.80 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். மகிழ்ச்சிதான். ஆனால் தேர்வெழுதிய 8.71 லட்சம் பேரில் தேறாதவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். இவர்களுக்கு வழியே இல்லை என்று எங்கள் பெற்றோர் சங்கம் சொல்லவில்லை. ஜூலையில் துணைத்தேர்வு உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டே ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் சேரலாம்; அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வயர்மேன் போன்ற இரண்டாண்டுப் பயிற்சியை முடித்து, பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலத் தாள்களிலும் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று கிடைக்கும். இந்தக் கடைசிச் செய்தி எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? அதைச் சொல்லும் கடமை இன்று எந்த அலுவலருக்கும் இல்லை என்பதே எங்கள் முறையீடு.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 முதல் 18 வயது வரையுள்ளோரை ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகிறது. பதினைந்து வயதில் ஒரு பாடத்தில் 35 எடுக்கத் தவறிய பிள்ளை இவ்விரு சட்டங்களுக்கும் நடுவே நிற்கிறது. துணைத்தேர்வுக்குச் சிறப்பு வகுப்பு நடத்தத் துறை அறிவுறுத்துவதை அறிவோம், வரவேற்கிறோம். ஆயினும் அத்தேர்வின் முடிவு வரும்போது ஜூலை முடிந்துவிடுகிறது, பதினோராம் வகுப்புப் பாடங்களோ ஜூனிலேயே தொடங்கிவிடுகின்றன. அதிலும் தவறினால் அடுத்த மார்ச் வரை அந்தப் பிள்ளை காத்திருக்க வேண்டும். மளிகைக் கடையிலோ பனியன் கம்பெனியிலோ வேலைக்குச் சேர எட்டு மாதம் தேவையில்லை, எட்டு நாள் போதும்.

எனவே, தேறாதவரின் பெயரை 18 வயது நிறையும் வரை தனிப் பதிவேட்டில் பள்ளியே பேண வேண்டும். முடிவு வெளியாகும் வாரத்திலேயே பெற்றோரை அழைத்து, துணைத்தேர்வு, ஐ.டி.ஐ., தேசிய திறந்தநிலைப் பள்ளி ஆகியவற்றின் விவரங்களை எழுத்தில் தர வேண்டும். துணைத்தேர்வில் தேறி ஆகஸ்டில் வருவோருக்குப் பதினோராம் வகுப்பிலும் ஐ.டி.ஐ.யிலும் இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். உண்மைதான், ஆகவே இதை வகுப்பாசிரியர் தலையில் கட்டாமல், ஒன்றியத்துக்கு ஒரு வழிகாட்டி அலுவலரை நியமிக்கக் கோருகிறோம். தேர்ச்சியின் தரம் குறையும் என்பதற்கு இங்கு இடமே இல்லை: மதிப்பெண்ணைத் தளர்த்தச் சொல்லவில்லை. பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருந்த ஆண்டுகளில், தவறியவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டே அந்தத் தாள்களை எழுதினார்கள். ஆகவே தவறியவரைப் பள்ளி கைவிடாமல் வைத்திருப்பது புதிதல்ல. ஏழைப் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு இது என்ற அச்சம்தான் கனமானது. எங்களுக்கும் அது உண்டு. அதனாலேயே எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கும் பெற்றோருக்கும் மட்டுமே என்று ஆணையில் எழுதக் கேட்கிறோம்.

அடுத்த பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் முன்பே உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பெற்றோர் சங்கம்.