இணைப்போடு இரண்டு வரி எழுதுங்கள்

நம் நாட்டில் கதை, கவிதை எழுதுவோரின் புலனக் குழுக்களை ஒரு வாரம் கவனித்தால் ஒன்று புரியும். ஒருவர் தம் புதிய படைப்பின் இணைப்பைப் போடுகிறார். தலைப்பு இல்லை, விளக்கம் இல்லை. அடுத்த நிமிடமே இன்னொருவர் தம் இணைப்பைப் போடுகிறார். நடுவில் கைகூப்பும் படங்கள் நான்கைந்து விழுகின்றன. யார் யாரைப் படித்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இதை வெறும் பண்புக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. எழுத்தாளருக்கு வாசகர் கிடைப்பதும், வாசகரின் பணம் பாதுகாப்பாக இருப்பதும் இதில் அடங்கியிருக்கின்றன.

படிக்காமலே பகிர்கிறோம்

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. டுவிட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 விழுக்காடு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று அது கண்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எஸ். ஷியாம் சுந்தர் குழுவினர் இணைப்பு கொண்ட 35 மில்லியனுக்கும் மேற்பட்ட முகநூல் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய 75 விழுக்காட்டுப் பகிர்வுகள், பகிர்ந்தவரே திறந்து பார்க்காமல் செய்தவை.

2020இல் டுவிட்டர் ஒரு சிறு மாற்றத்தைச் சோதித்தது. கட்டுரையைத் திறக்காமல் பகிர முயன்றவரிடம், முதலில் படிக்க விருப்பமா என்று கேட்டது. அந்தக் கேள்வியைக் கண்டவர்கள் கட்டுரையைத் திறப்பது 40 விழுக்காடு கூடியது. ஓர் இயந்திரம் கேட்ட கேள்விக்கே இந்தப் பலன். குழுவின் பொறுப்பாளர் அன்போடு கேட்டால் பலன் இருக்காதா?

தமிழ் முகவரியின் சிக்கல்

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. யூனிகோடு முறையில் 'கா' என்பது 'க', துணைக்கால் என இரண்டு குறிகள். இணைய முகவரியைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறி, எண், ஆங்கில எழுத்து என ஒன்பது அடையாளங்களாக மாறிவிடும். பாரிட் புந்தார் என்ற ஏழெழுத்துப் பெயரில் 14 குறிகள். முகவரியில் அது 126 அடையாளங்கள் கொண்ட நீண்ட சரமாகிவிடுகிறது. பார்ப்பவருக்கு அது ஊர்ப்பெயர் என்றே தெரியாது.

இதற்கு அஞ்சிப் பலர் சுருக்க முகவரியைப் பயன்படுத்துகின்றனர். அதில் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதே மறைந்துவிடும். சுருக்கித் தரும் நிறுவனம் கடையைச் சாத்தினால் இணைப்பும் போய்விடும். கூகுளே தன் சுருக்கச் சேவையில் புதிய முகவரிகள் தருவதை 2019இல் நிறுத்தியது.

சுருக்காத இணைப்பும் நிலையானதல்ல. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் காணாமற்போனதாகப் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. படைப்பின் பெயர், எழுதியவர், நாள் ஆகியவற்றை உடன் எழுதியிருந்தால், இணைப்பு செத்த பிறகும் தேடிக் கண்டுபிடிக்கலாம். வெறும் இணைப்பை மட்டும் விட்டுச் சென்றால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

விளக்கமில்லா இணைப்பில் வேறோர் ஆபத்தும் உண்டு. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் புலனத்தில் வரும் செயலிக் கோப்பை நிறுவி, வங்கிச் சேமிப்பை இழந்த மலேசியர்கள் உள்ளனர். காவல் துறையும் இதுபற்றி எச்சரித்துள்ளது. என்னவென்று தெரியாமலே தட்டும் பழக்கத்தைத்தான் மோசடிக்காரன் நம்பியிருக்கிறான். அந்தப் பழக்கத்தை இலக்கியக் குழுவே வளர்க்கலாமா? பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

பெயரைத் தின்னும் பகிர்வு

இணைப்பே வேண்டாம் என்று முழுப் படைப்பையும் வெட்டி ஒட்டுவோரும் உண்டு. மேலே 'படித்ததில் பிடித்தது' என்று போடுவார்கள். கீழே எழுதியவர் பெயர் இருக்காது. நான்கு குழு தாண்டினால் அது அநாதைப் படைப்பு. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் என்று அடையாளம் காணப்படும் உரிமையையும் காக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி தலைப்பையும் சில வரிகளையும் மட்டும் காட்டி, வாசகரை எழுதியவரின் பக்கத்துக்கே அனுப்பியது. அந்த நாகரிகத்தை நாம் கைவிட்டிருக்கக் கூடாது.

புதியவர் தம் எழுத்தைத் தாமே அறிவிக்காமல் வேறு யார் அறிவிப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாரிட் புந்தார், பாகான் செராய் போன்ற சிறு நகரங்களில் எழுதுபவருக்குக் கோலாலம்பூர் நிகழ்ச்சிகள் தொலைவு. முன்பு நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில் ஆசிரியர் ஒருவர் தேர்ந்தெடுத்தார். குழுவில் அப்படி யாருமில்லை. ஆகவே, இணைப்புக்கே தடை என்ற விதி எளியவரைத்தான் அடிக்கும். தடையை விடச் சில வழக்கங்கள் போதும்.

படித்த பிறகே பகிருங்கள். தலைப்பு, எழுதியவர், நாள், எதைப் பற்றியது என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். சுருக்காத மூல முகவரியைக் கொடுங்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவது பெரும்பாலும் நம்மைப் பின்தொடரும் குறியீடு. அதை நீக்கியும் பக்கம் திறந்தால், நீக்கியே அனுப்புங்கள். ஒரே இணைப்பைப் பத்துக் குழுக்களில் கொட்டாதீர்கள். உங்கள் படைப்பு ஒன்றைப் பகிரும் முன், பிறர் படைப்பு இரண்டைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள்.

கடைசி வழக்கம்தான் கடினமானது. ஆனால் அது ஒன்றே குழுவை விளம்பரப் பலகையிலிருந்து வாசகர் வட்டமாக மாற்றும். ஐம்பது கைகூப்பும் படங்களைவிட, மூன்றாவது பத்தியில் கதை தடுமாறுகிறது என்று சொல்லும் ஒரே ஒரு வாசகர்தான் எழுதுபவருக்குத் தேவை.