தெஹிவளை நல்ல இடமா?

“அண்ணை, தெஹிவளை இருக்கிறதுக்கு நல்ல இடமோ?”

லண்டனிலிருந்து தொலைபேசியில் பேசிய உறவினர் ஒருவர் சென்ற மாதம் இப்படிக் கேட்டார். கடலைப் பார்த்த தொடர்மாடி வீடொன்றின் படங்களைத் தரகர் அவருக்கு அனுப்பியிருந்தார். நீலக் கடல், வெள்ளைச் சுவர், பலகணியில் இரண்டு நாற்காலிகள். “வெள்ளவத்தைக்கு ஐந்து நிமிடம்” என்ற வாசகம் வேறு.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் பலர் கேட்டிருக்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக இங்கு வாழ்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். “நல்ல இடம்தான், வாங்கலாம்” என்று இதுவரை எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இம்முறை அவ்வாறு சொல்ல மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதை எழுதிவிடுவது நல்லது. இதனால் சில நண்பர்கள் என்மீது கோபம் கொள்ளக்கூடும், பரவாயில்லை.

தெஹிவளையின் சிறப்புகளை நான் மறுக்கவில்லை. கடலோரப் புகையிரதம் இருக்கிறது. காலி வீதியில் 100, 101 இலக்கப் பேருந்துகள் ஓய்வின்றி ஓடுகின்றன. நெடிமாலையில் விஷ்ணு ஆலயம் இருக்கிறது. விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. 1936 முதல் இயங்கும் மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது. தோசைக்கடையும் தமிழ்ப் பத்திரிகையும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கின்றன. எனது கேள்வி வேறு. ஓர் ஊர் நல்ல ஊர் என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? வாங்குபவன் பார்க்கும் காட்சியைக் கொண்டா, அல்லது அங்கே வாழ்பவன் படும் பாட்டைக் கொண்டா?

முதலில் உறுதியைப் பற்றிச் சொல்கிறேன்.

தொடர்மாடியில் ஒரு வீட்டைத் தனியே சொந்தமாக்குவதற்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. கட்டடம் அனுமதித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டிருக்க வேண்டும். சீ.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதன் பின்னரே வீடுகளைத் தனித்தனியே காட்டும் தொடர்மாடித் திட்டப்படம் காணிப் பதிவகத்தில் பதியப்படும். ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லுபடியான தனி உறுதி பிறக்கும். அனுமதி ஐந்து மாடிக்கு, கட்டியது ஏழு மாடி என்றால் என்ன நடக்கும்? சான்றிதழ் வராது. சான்றிதழ் வராவிட்டால் திட்டப்படம் பதியப்படாது. வாங்கியவர் கையில் இருப்பது ஒப்பந்தக் கடதாசி மட்டுமே.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஓய்வூதியத்துக்கென ஒதுக்கிய பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு வாங்கிய வீட்டுக்கு உறுதி கேட்டு ஒன்பது ஆண்டுகள் அலைந்தவன் நான். “அடுத்த மாதம்” என்பதே கட்டியவர் தந்த பதில். அவர் தமிழர், என் தூரத்து உறவினருக்கு வேண்டியவர். “நம்மவர்தானே” என்ற ஒரு சொல்லை நம்பி, சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்திட்டேன். பத்திரிகையாளனாக ஊரார் மோசடிகளையெல்லாம் எழுதியவன் செய்த வேலை அது.

இன்னொன்றையும் வெளிநாட்டு வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்து அந்நிய நாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்போரை, 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவராகவே கருதுகிறது. தொடர்மாடி வீட்டை, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வெளிநாட்டிலிருந்து அனுப்பி வாங்க அச்சட்டம் விலக்களிக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உடையோருக்கு இந்தத் தடை இல்லை. தரகர்கள் இதை விளக்குவதில்லை. கடற்காற்றைப் பற்றி மட்டும் விளக்குவார்கள்!

இரண்டாவது விடயம் நிலமும் நீரும்.

தெஹிவளையின் கிழக்கே பெல்லன்வில – அத்திடிய சதுப்பு நிலம் இருக்கிறது. 1990 இல் அது சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மழைநீரைத் தேக்கி, மெல்ல வெரஸ் கங்கைக்கு விடுவது அதன் தொழில். அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரங்கள் ஆண்டுதோறும் நிரப்பப்பட்டு வீடாகியும் களஞ்சியமாகியும் வருகின்றன. இப்பக்கம் ஒரு குடும்பம் வாழ்ந்த பதினைந்து பேர்ச்சஸ் காணியில் இருபது குடும்பங்களுக்கான கட்டடம் எழுகிறது. வடிகால் மட்டும் அந்த ஒற்றைக் குடும்பத்துக்கு வெட்டிய வடிகால்தான். பின்னர் ஒரு மணிநேர மழைக்குத் தெரு குளமானால் வானத்தைத் திட்டுகிறோம். நமது குப்பை எங்கே போகிறது என்று கேட்டால் மாடிவாசிகளில் பலருக்குத் தெரியாது. வெரஸ் கங்கையோரத்துக் கரதியானவுக்குப் போகிறது. அங்கும் மனிதர்கள் வாழ்கிறார்கள்.

2022 ஐ எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. எங்கள் கட்டடத்தின் மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை; மின்தூக்கி நின்றது. ஆறாம் மாடியில் தனியே வசிக்கும் எண்பது வயது அம்மா ஒருவர் நாட்கணக்கில் கீழே இறங்கவில்லை. அவருடைய மூன்று பிள்ளைகளும் மூன்று நாடுகளில். அவருக்குப் பாணும் தண்ணீரும் சுமந்து படியேறியவர் எங்கள் காவலாளி; அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சிங்களவர். கடல் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது.

மூன்றாவது விடயம் அச்சம். இதைப் பேசாமல் தமிழன் ஒருவன் தெஹிவளையைப் பற்றி எழுத முடியாது.

1983 யூலையில் இத்தெருக்களில் வீடுகள் எரிந்தன. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். தப்பியவர்களில் பலரைச் சிங்கள அயலவர்களே ஒளித்து வைத்தார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. 1996 யூலை 24 ஆம் திகதி, தெஹிவளையில் அலுவலகப் புகையிரதத்தில் குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாதாரண மக்கள் அவர்கள். 2007 யூன் 7 ஆம் திகதி, கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மிருகக்காட்சிச்சாலைக்கு அருகிலும் ஒரு குண்டு வெடித்தது. அதன் பின் எங்கள் தெருவின் முஸ்லிம் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த விதத்தைக் கண்டபோது, எனக்கு நம் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன.

இந்த அச்சம் நம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றிருக்கிறது. இங்கே வாழ்வோம், பெயரை மட்டும் இங்கே பதியமாட்டோம். நானே பல ஆண்டுகள் வாக்காளர் இடாப்பில் யாழ்ப்பாண முகவரியை வைத்திருந்தவன். இடாப்பு என்றதும் 1983 நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அதன் விளைவு என்ன? 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தெரிவு செய்த மாநகர சபையே இல்லை. எங்கள் கட்டடத்தில் இதையிட்டு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆதனவரி கட்டினோம், வடிகாலைப் பற்றிக் கேட்க ஓர் உறுப்பினர் வேண்டும் என்று நினைக்கவே இல்லை. சத்திரத்தில் தங்கியவன் கூரை ஒழுகுவதைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறான்?

“சிறுபான்மையினர் தலையைக் காட்டாமல் இருப்பதே பாதுகாப்பு” என்பார் சிலர். தலையைக் காட்டாமல் இருந்ததால் 1983 இல் எந்த வீடு தப்பியது? இத்தெருவில் நம்மைத் தெரிந்தவர்கள் இருந்த வீடுகளே தப்பின. அயலவனின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதும் சபைக்கு மனு எழுதுவதும் வாக்களிப்பதும் பாதுகாப்பின் பகுதிகள்தாம்.

நம்மவர் நம்மவருக்குச் செய்வதையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். இரவில் எங்கள் கட்டடத்தைக் கீழேயிருந்து பாருங்கள். பாதி வீடுகளில் விளக்கு இல்லை. உரிமையாளர்கள் ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று வாரம் வருவார்கள். மற்ற நாட்களில் பூட்டு. அதே தெருவில் வாடகை அறை தேடி அலைகிறாள் அட்டனிலிருந்து வந்த இளம் ஆசிரியை. அவளுடன் நானும் இரண்டு வீடுகளுக்குப் போனேன். ஊர் எது என்று கேட்டார்கள். மலையகம் என்றதும், “அறை கொடுத்தாயிற்று” என்ற பதில் வந்தது. இரண்டும் தமிழர் வீடுகள். பேரினவாதத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்கள். அந்தப் பிள்ளைக்குத் தெஹிவளை நல்ல இடமா?

ஆகவே லண்டன் உறவினருக்கு நான் சொன்ன பதில் இதுதான். “தம்பி, தரகரிடம் கடலைப் பற்றிக் கேட்க வேண்டாம். இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா, தொடர்மாடித் திட்டப்படம் பதிந்தாயிற்றா, அனுமதித்த மாடிகள் எத்தனை, கட்டிய மாடிகள் எத்தனை என்று கேள். அதன் பிறகு உன்னையே கேள்: நீ அந்த வீட்டில் வாழப் போகிறாயா, பூட்டி வைக்கப் போகிறாயா? பூட்டி வைப்பதென்றால் வாங்காதே. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாழ வீடில்லாத ஒருவருக்கு நியாயமான வாடகைக்குக் கொடு; எந்த ஊர் என்று கேளாமல் கொடு.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. தரகரிடம் கேட்டுவிட்டு எடுப்பதாகச் சொன்னார். ஒரு வாரத்தின் பின் மீண்டும் அழைத்தார். சான்றிதழ் “அடுத்த மாதம்” வருமாம்.