மாமா வீடு இல்லாதவர்களின் ஐரோப்பா

ஒவ்வொரு கோடையிலும் இந்தப் படங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஈபிள் கோபுரத்தின் முன்னால் ஒன்று, ரோமின் கொலோசியத்தில் ஒன்று, ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ப் பாலத்தில் சைக்கிளோடு ஒன்று, சுவிட்சர்லாந்துப் பனியில் ஒன்று. கீழே ஒரு குறிப்பு: இருபது நாள், ஆறு நாடு, செலவு இவ்வளவுதான். மனசு வைத்தால் எல்லோராலும் முடியும்.

எல்லோராலும் முடியுமா தோழர்களே? அதே படங்களை இன்னொரு முறை வரிசையாகப் பாருங்கள். இடையிடையே வேறு சில படங்களும் இருக்கும். பாரிசில் மாமா வீட்டு மதியச் சாப்பாடு. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் அழைத்துப்போக வந்த சித்தப்பாவின் கார். லண்டனில் அக்கா வீட்டு மாடியறை. கணக்கில் எழுதாத செலவெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் ஊர் சுற்றுகிறவரின் பையைக் காலி செய்வதில் இரவு படுக்கும் அறைக்கும் மூன்று வேளைச் சோற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த இரண்டையும் உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டால் மீதி எளிது. சொந்தபந்தங்களைப் போய்ப் பார்ப்பது நல்ல விஷயம். அதில் யார் மீதும் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அதை வெறும் மனத்துணிவு என்று நமக்குப் பாடம் நடத்தும்போது கேட்டே ஆகவேண்டும்: அந்த மாமா அங்கே எப்படிப் போனார்?

ஈழத்திலிருந்து 1983க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்கள் சுற்றிப்பார்க்கப் போனவர்கள் அல்லர். நாம் கேட்பது இங்கிருந்து படித்துப் போனவர்களைப் பற்றி. ஆங்கிலக் கல்வியை முதலில் கைப்பற்றிய சாதிகள் முதலில் கப்பல் ஏறின. மருத்துவர் போனார், பொறியாளர் போனார், பிறகு கணினிக்காரர் போனார். போனவர் தம்பியை அழைத்தார், தம்பி மைத்துனனை அழைத்தார். மூன்று தலைமுறையில் ஐரோப்பாவின் நான்கு நகரங்களில் நான்கு வீடுகள். பேரப்பிள்ளைக்கு அது சுற்றுலா வரைபடம். நம் வீட்டில் முதல் பட்டதாரியே இந்தத் தலைமுறையில்தான் வந்திருக்கிறார். அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?

விதிவிலக்கு உண்டு, அது நம் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி, சாதி வழக்காற்றை ஒட்டிய தனிநபர் சட்டத்தைத் துறந்து, குடும்பப்பெயர் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். அந்த வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்கு இன்று பாரிசில் மாமா வீடு உண்டு. சட்டம் ஒரு வாசலைத் திறந்தபோது நம் மக்களும் கடல் கடந்தார்கள். அடைபட்டுக் கிடந்தது வாசல்தான், மனத்துணிவு அல்ல.

ஐரோப்பாவைச் சுற்றிப்பார்ப்பது என்ற வழக்கமே குடும்பச் சொத்தின் மேல் எழுந்ததுதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பிரபு வீட்டு மகன்கள் பாரிஸ், வெனிஸ், ரோம், நேபிள்ஸ் என்று மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் சுற்றினார்கள். 'பெரும் பயணம்' என்று அதற்குப் பெயர். கூடவே ஓர் ஆசிரியர், வேலையாட்கள், ஊருக்கு ஊர் தங்கிக்கொள்ள அறிமுகக் கடிதங்கள். அப்படி 1780களில் இத்தாலிவரை போய் ஓவியத்தையும் கட்டடக் கலையையும் ரசித்த வில்லியம் பெக்ஃபோர்டின் பணம், ஜமைக்காவில் கறுப்பின அடிமைகள் கரும்பு வெட்டிய தோட்டங்களிலிருந்து வந்தது. ஒருவர் ரசனையோடு உலகம் பார்க்க, இன்னொருவர் ஆயுள் முழுக்க ஒரே வயலில் கட்டிப்போடப்பட்டிருந்தார். பண்ணையாள் முறையைப் பார்த்த நம் தாத்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு மாமா வீடு வெறும் படுக்கையும் அல்ல, அது விசா ஆவணம். ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள். சுற்றுலா விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். எங்கே தங்குவீர்கள் என்று காட்ட வேண்டும். மாமாவின் அழைப்புக் கடிதம் அங்கே கைகொடுக்கும். வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். கடைசியாக, ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். நிரந்தர வேலை, சொத்துப் பத்திரம், வருமான வரிக் கணக்கு இவையெல்லாம் அதற்கான சாட்சிகள். பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த குடும்பத்தின் பேத்தி எந்தப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டுவாள்? படிவத்தில் சாதி என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் நிலம் எங்கே என்று கேட்கும்போதே சாதி உள்ளே வந்துவிடுகிறது.

உதவித்தொகையில் போய்ப் படிக்கிற நம் பிள்ளைகள் பட்டம் வாங்கும் நாளில், அவர்களுடைய பெற்றோர் வர முடியாமல் போவதும் இதனால்தான். கூலி வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு ஏது? மற்றவர்களின் பெற்றோர் விழாவுக்கு வந்து, அப்படியே வெனிஸையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் அம்மாக்கள் கைப்பேசித் திரையில் பட்டமளிப்பு விழா பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடலாம்: மலக்குழியில் நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஐரோப்பியச் சுற்றுலா ஒரு பிரச்சினையா என்று. நியாயமான கேள்வி. பதிலை பாபாசாகேப்பிடமே கேட்போம். அவர் தன் தீண்டாமை அனுபவங்களை எழுதிய நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அதில் ஒரு சுற்றுலா வருகிறது. 1934இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார். பயணக் களைப்பில் வாசலருகே இருந்த குளத்தில் கைகால் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் திரண்டுவிட்டது. கடைசியில் அவர்கள் எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிப்பாயைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்கவிட்டார்கள். மகத் குளத்தில் அவர் இறங்கியது 1927இல். வைக்கத்தில் தெருவில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது 1924இல். பொது இடத்தில் தலைநிமிர்ந்து நடப்பது, நின்று பார்ப்பது, தண்ணீர் குடிப்பது, இரவு தங்குவது: இவையெல்லாம் நாம் போராடிப் பெற்ற உரிமைகள். ஊர் சுற்றுவது ஆடம்பரம் என்பது, எப்போதும் ஊர் சுற்ற முடிந்தவர்கள் நமக்குச் சொல்லும் புத்திமதி.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. வெளிநாட்டில் படித்துவிட்டு, உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு, 1917இல் திரும்பிய அம்பேத்கருக்கு பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கினார். தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். லண்டனில் தங்க முடிந்தவருக்குத் தன் நாட்டில் ஓர் அறை இல்லை. தங்க ஓர் இடம் என்பது நம் அரசியலில் சின்ன விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

சரி, அங்கே போனபின் ஒரு தமிழர் வீட்டில் விருந்துக்கு அழைக்கிறார்கள். அன்பாகத்தான் அழைக்கிறார்கள். சோறு போடும்போதே அந்தக் கேள்வி வரும்: தம்பிக்கு எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்? மூன்றாவது கேள்விக்குள் அவர்களுக்குத் தேவையான பதில் கிடைத்துவிடும். அடுத்த வாரம் அழைப்பு வராது. சாதி கடல் கடக்காது என்பவர்கள் சட்டப் புத்தகத்தைப் பார்க்கட்டும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் தரப்பட்டது. 2013இல் நாடாளுமன்றம் அதைக் கட்டாயம் ஆக்கியது. ஐந்து வருடம் இழுத்தடித்து, தனிச்சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று 2018இல் அரசு கைகழுவியது. சாதி அங்கே இல்லையென்றால் எதற்கு இத்தனை இழுபறி? 2007இல் பாரிசில் ஈழத்துத் தலித் மக்கள் தங்களுக்கென்று மாநாடு கூட்ட வேண்டியிருந்தது ஏன்?

ஆக, உறவு வீடு நமக்கு இல்லை. இருக்கிற வீட்டில் எல்லாக் கதவுகளும் நமக்குத் திறப்பதில்லை. இதற்கு என்ன வழி? ஐரோப்பாவின் உழைக்கும் மக்களே ஒரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலை ஒருகாலத்தில் வசதி படைத்தோர் சங்கங்களின் கையில் இருந்தது. 1895இல் வியன்னாவின் சோசலிசத் தொழிலாளர்கள் 'இயற்கையின் நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கி, காசு சேர்த்து, தங்கள் கையாலேயே மலைமேல் தங்குமிடங்கள் கட்டினார்கள். வியன்னாவின் ஆல்ப்ஸ் சங்கக் கிளை 1921இல் யூதர்களை விலக்கியது. வெளியேற்றப்பட்டவர்கள் 'டோனாவ்லாண்ட்' என்று தனிக்கிளை கண்டார்கள். 1924இல் அந்தக் கிளையையே சங்கத்தைவிட்டு நீக்கினார்கள். நம் கதை மாதிரி இல்லையா? ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது மழையில் ஒதுங்க இடமின்றி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவு தங்கினார். தொழில் நகரத்துப் பிள்ளைகளுக்கு வழியெங்கும் மலிவான தங்குமிடம் வேண்டும் என்ற யோசனை அங்கே பிறந்தது. ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி உருவானது. இன்று உலகெங்கும் இருக்கும் இளைஞர் விடுதிகளின் தொடக்கம் அதுதான்.

பிறகு அரசுகளும் இறங்கிவந்தன. 1972இல் 21 வயதுவரை உள்ளவர்கள் 21 நாடுகளில் ஒரே சீட்டில் ஒரு மாதம் ரயிலில் போகலாம் என்று இன்டர்ரெயில் வந்தது. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 18 வயதானவர்களில் ஆயிரக்கணக்கானோரைத் தேர்ந்தெடுத்து இலவச ரயில் சீட்டே தருகிறது. ஊர் பார்ப்பது கல்வியின் பகுதி என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். வெளிநாட்டு உதவித்தொகையில் பயணத்துக்கென்று ஒரு தொகை வேண்டும். பட்டமளிப்புக்குப் பெற்றோர் போய்வர உதவியும், விசாவுக்கு அரசின் உத்தரவாதக் கடிதமும் வேண்டும். இவை அரசிடம் கேட்பவை. நம்மிடமே கேட்க ஒன்று உண்டு. அங்கே வேலையில் இருக்கும் தோழர்களே, உங்கள் கூடத்தில் ஒரு பாய் விரிக்க இடமிருக்கும். பின்னால் வரும் தம்பி தங்கைக்கு அதைக் கொடுங்கள். நகரத்துக்கு ஒரு வீடு போதும். ஊர் எது என்று கேட்காத வீடாக அது இருக்கட்டும். படிக்கும் மாணவர்களுக்கு ஒரு தகவல்: ஷெங்கன் நாடொன்றில் தங்கும் அனுமதி இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. இன்டர்ரெயில் சீட்டு அங்கே குடியிருப்பவர்களுக்கும் உண்டு, 27 வயதுவரை சலுகையும் உண்டு.

போகும்போது ஈபிள் கோபுரத்தையும் பாருங்கள், அழகு எல்லோருக்கும் பொது. ஆனால் பெர்லினில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் கறுத்த நீர் நிறைந்த வட்டக் குளம் ஒன்று இருக்கிறது. நாஜிகள் கொன்ற சிந்தி, ரோமா மக்களுக்கான நினைவிடம். 2012இல்தான் திறந்தார்கள். நடுவிலுள்ள முக்கோணக் கல்லின்மேல் தினமும் புதிதாக ஒரு பூ வைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மக்கள் அவர்கள். செக் நாட்டின் லெட்டியில் அவர்களை அடைத்துவைத்த முகாம் இருந்த நிலத்தில் பின்னாளில் பன்றிப் பண்ணை நடத்தினார்கள். பண்ணையை அகற்றி நினைவிடம் திறக்க 2024 ஆயிற்று. லண்டனில் கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டில் 1921-22இல் அம்பேத்கர் தங்கிப் படித்தார். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் வெளியே நின்றால், 1930இல் வட்டமேசை மாநாட்டுக்காக அந்த வாசலில் நுழைந்த நம் ரெட்டைமலை சீனிவாசனை நினைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அங்கே எந்த மாமா வீடும் இல்லை. நமக்கு அவர்கள் இருக்கிறார்கள். நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நாம் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.